டிபிஎஃப் விளக்கு எரிகிறதா? நெல்லைப் பக்கத்து டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டி வைத்திருக்கிற யாராக இருந்தாலும் ஏதாவது ஒரு நாள் அந்த மஞ்சள் விளக்கைப் பார்த்தே தீருவார்கள். சைலன்சர் மாதிரி ஒரு படம், அதற்குள் புள்ளி புள்ளியாக இருக்கும். அதுதான் டிபிஎஃப் விளக்கு, டீசல் புகையில் உள்ள கரியைப் பிடிக்கிற வடிகட்டிப் பெட்டிக்கான விளக்கு. பாதிப் பேர் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள். மீதிப் பேர் நேரே ஒர்க்‌ஷாப்பில் போய் நிறுத்தி, அங்கே சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருவார்கள். பெரும்பாலான நேரம் இரண்டுமே தேவையில்லை. அந்தப் பெட்டி கேட்பது சூடு மட்டும்தான், நாம் நெல்லை டவுனுக்கும் பாளைக்கும் இடையில் வண்டி ஓட்டுகிற விதத்தில் அது கிடைப்பதில்லை. எவ்வளவு சூடு, எதற்கு, எப்படிக் கொடுப்பது, கொடுத்தும் சரியாகாவிட்டால் எதை முதலில் பார்ப்பது என்பதெல்லாம் கீழே வரிசையாக இருக்கிறது.

1. அடியில் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இஞ்சினிலிருந்து வருகிற புகை டர்போவைத் தாண்டியதும் முதலில் நுழைவது டிஓசி என்கிற வினையூக்கிக்குள். தேன்கூடு போல நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் குழல்கள் உள்ள பீங்கான் கட்டி அது. குழல் சுவர்களில் அலுமினா பூச்சு, அந்தப் பூச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் பிளாட்டினமும் பல்லேடியமும் இருக்கும். புகை உள்ளே போய் நேராக வெளியே வந்துவிடும், எங்கேயும் தடுக்கப்படாது. போகிற போக்கில் கார்பன் மோனாக்சைடும் எரியாத டீசல் ஆவியும் அங்கே கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் மாறும்.

இங்கேதான் நிறையப் பேருக்குக் குழப்பம். ‘கேட்டலிஸ்ட் இருக்குல்ல, அது கரியை எரிச்சிரும்’ என்று நினைக்கிறார்கள். அது எரிக்காது. கரித்துகளின் மேல் ஒட்டியிருக்கிற எண்ணெய்ப் பசையை டிஓசி எரிக்கும், ஆனால் கறுப்புக் கரி அதன் வழியாக அப்படியே போய்விடும். அந்தத் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும் என்பதால் மூச்சோடு நுரையீரலின் அடிவரைக்கும் போய்ச் சேரும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் முதல் பிரிவில் சேர்த்ததற்கு இந்தத் துகள்களும் முக்கியக் காரணம்.

கரியைப் பிடிப்பது அடுத்து இருக்கிற டிபிஎஃப். இதுவும் தேன்கூடுதான், ஆனால் குழல்கள் மாற்றி மாற்றி அடைக்கப்பட்டிருக்கும். ஒரு குழல் முன்பக்கம் திறந்து பின்பக்கம் அடைத்திருக்கும், பக்கத்துக் குழல் அதற்கு நேர்மாறு. புகைக்கு வேறு வழியே இல்லாததால் நுண்துளைச் சுவரைத் துளைத்துக்கொண்டுதான் அடுத்த குழலுக்குள் போக வேண்டும், கரி சுவரிலேயே நின்றுவிடும். நல்ல நிலையில் உள்ள ஒரு டிபிஎஃப் 95 சதவீதத்துக்கு மேல் கரியைப் பிடித்துவிடும். பிஎஸ்4 டீசல் காருக்கு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை துகள் விடலாம் என்று இருந்த வரம்பு பிஎஸ்6இல் 4.5 மில்லிகிராம் ஆனது. அதோடு துகள்களின் எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு வந்தது. பெட்டி இல்லாமல் அதை எட்ட முடியாது.

சில வண்டிகளில் இதற்குப் பின்னால் எஸ்சிஆர் என்று இன்னொன்றும் இருக்கும். நீல மூடி போட்ட தொட்டியில் ஊற்றுகிற டிஇஎஃப் அதற்குத்தான். 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர். அது நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும், கரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டிஇஎஃப் நிறைய ஊற்றினால் டிபிஎஃப் சுத்தமாகும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

2. சூட்டுக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

பிடித்த கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி அடைத்துவிடும். வெறும் கரி காற்றில் எரிய ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் வேண்டும். டவுனுக்குள் உருட்டுகிற டீசல் வண்டியின் புகை 200 டிகிரியைத் தொடுவதே பெரிய விஷயம். இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் வினையூக்கி.

‘அப்படியானால் டிபிஎஃப் சுவரிலேயே வினையூக்கியைப் பூசிவிட்டால் கரி தானாக எரிந்துவிடுமே’ என்று தோன்றும். பூசித்தான் இருக்கிறார்கள், ஆனாலும் அவ்வளவு சுலபமாக எரிவதில்லை. கரியும் திடப்பொருள், வினையூக்கியும் திடப்பொருள். ஆய்வுக்கூடத்தில் இரண்டையும் உரலில் போட்டு இடித்துக் கலந்தால் எரியும் வெப்பநிலை நன்றாகவே இறங்கும். வண்டியில் அப்படி யாரும் இடித்துக் கலப்பதில்லை, கரி மேலே உதிரியாகப் படிகிறது, அடியில் உள்ள ஒரு சிறு பகுதி மட்டும் வினையூக்கியைத் தொடுகிறது, மேலே உள்ள அடுக்குக்கு வினையூக்கி இருப்பதே தெரியாது.

இதற்கு இரண்டு தந்திரங்கள் கண்டுபிடித்தார்கள். முதலாவது, முன்னால் இருக்கிற டிஓசியின் பிளாட்டினத்தை வைத்து புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றுவது. அது வாயு என்பதால் கரி அடுக்கின் எந்த மூலைக்கும் புகுந்துவிடும், ஆக்சிஜனைவிட ஆவேசமாகக் கரியைத் தின்னும், 250 முதல் 400 டிகிரிக்குள்ளேயே வேலையை முடித்துவிடும். ஜான்சன் மேத்தி நிறுவனத்தார் 1980களின் கடைசியில் இதைக் கண்டறிந்து 1990களில் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே சத்தமில்லாமல் நடக்கிற எரிப்பு இது.

இரண்டாவது தந்திரம் சீரியம் என்கிற உலோகம். டீசலிலேயே சீரியம் கலவையைத் துளித்துளியாகச் சேர்த்துவிட்டால், இஞ்சினுக்குள் கரி உருவாகும்போதே சீரியமும் அதற்குள் கலந்துவிடும், அப்புறம் தொடுதல் பிரச்சினையே இல்லை. 2000இல் வந்த பெஜோ 607 இதை வைத்துத்தான் பெருமளவு விற்பனைக்கு வந்த கார்களில் முதன்முதலாக டிபிஎஃப்போடு வெளிவந்தது. சீரியம் ஆக்சைடு ஆக்சிஜனை எளிதாகக் கொடுக்கும், திரும்ப வாங்கிக்கொள்ளும், அதுதான் அதன் பலம். பலருக்குத் தெரியாத ஒன்று, இந்தச் சீரியம் நம் பக்கத்துக் கடற்கரையிலேயே கிடக்கிறது. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்கிற கனிமம் இருக்கிறதல்லவா, அதில் உள்ள அரிய மண் தனிமங்களில் பெரும்பங்கு சீரியம்தான். தோரியம் பற்றி மட்டும் பேசிப் பேசி இதை மறந்துவிட்டோம்.

இந்த இரண்டும் போதாதபோது வண்டியின் கம்ப்யூட்டர் மூன்றாவது வழிக்கு வரும். சிலிண்டரில் எரிப்பு முடிந்த பிறகு கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளிக்கும். அது எரியாமல் ஆவியாகி டிஓசிக்குப் போய், பிளாட்டினத்தின் மேல் எரிந்து, பின்னால் உள்ள டிபிஎஃப்பை 600 டிகிரி வரைக்கும் சூடேற்றும். இதைத்தான் எல்லோரும் ரீஜென் என்கிறார்கள். சில நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை நடக்கும், பத்து முதல் இருபது நிமிடம் பிடிக்கும். இதற்கும் டிஓசி ஏற்கெனவே 200, 250 டிகிரி சூட்டில் இருந்தாக வேண்டும். குளிர்ந்து கிடக்கிற பிளாட்டினத்தின் மேல் டீசலைத் தெளித்தால் ஒன்றும் பற்றாது. வினையூக்கி தேவையான சூட்டைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது.

கந்தகத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டீசலில் உள்ள கந்தகம் பிளாட்டினத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு அதை மந்தமாக்கும், போதாக்குறைக்கு சல்பேட்டாக மாறித் தானே துகளாகும். அதனால்தான் 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்6 வண்டி கட்டாயமானபோது, கந்தகம் 10 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 10 பங்குக்கு, மேல் போகாத டீசலும் கூடவே வந்தது. அதற்கு முன்பு பிஎஸ்4 டீசலில் 50 பிபிஎம் வரை அனுமதி.

3. உங்கள் ஓட்டத்தைக் கணக்குப் பாருங்கள்

காலையில் பெருமாள்புரத்தில் எடுத்து, பாளையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, வண்ணார்பேட்டையில் ஒரு வேலை முடித்து, ஜங்ஷன் ஈரடுக்குப் பாலம் ஏறி இறங்கி, டவுனில் ரத வீதியைச் சுற்றி நிறுத்தினால் ஒவ்வொரு துண்டும் ஐந்து கிலோமீட்டர்கூட இருக்காது. நடுவில் நாலு முறை இஞ்சினை அணைத்திருப்பீர்கள். சூடேறுவதற்குள் அணைப்பு, ஆறிய பிறகு ஸ்டார்ட். கரி சேர்ந்துகொண்டே இருக்கும், எரிவதற்கு நேரமே கிடைக்காது. வாரம் முழுக்க இப்படித்தான் என்றால், உண்மையைச் சொல்ல வேண்டுமானால், உங்களுக்கு டீசல் வண்டியே சரிப்படாது. அடுத்த முறை பெட்ரோலோ சிஎன்ஜியோ பாருங்கள்.

தினமும் தென்காசிக்கோ நாகர்கோவிலுக்கோ போய் வருகிறவருக்கு இந்த விளக்கு எரிவதே அபூர்வம். செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற லாரிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், புளியரை எஸ் வளைவு ஏறும்போது இஞ்சின் இழுக்கிற இழுப்பில் கரி தானாகவே எரிந்துவிடும். அதேபோல ஆனி ஆடியில் பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழிப் பக்கம் எதிர்க்காற்றில் போனாலும் இஞ்சினுக்கு நல்ல சுமைதான். மலை இறங்கும்போது நிலைமை தலைகீழ். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் டீசல் நின்றுவிடும், வெறும் காற்று போய் பெட்டியைக் குளிர வைக்கும்.

4. ரீஜென் நடப்பதைக் கண்டுபிடிக்கப் பழகுங்கள்

பல வண்டிகளில் இதற்கென்று தனி விளக்கு கிடையாது, நாமாகத்தான் கவனிக்க வேண்டும். சிக்னலில் நிற்கும்போது வழக்கமாக 800 பக்கம் நிற்கிற ஆர்பிஎம் முள் திடீரென்று 1000ஐ நெருங்கி நிற்கும். இஞ்சின் சத்தம் கொஞ்சம் கனத்திருக்கும். ரேடியேட்டர் விசிறி காரணமில்லாமல் ஓடும். உடனடி மைலேஜ் காட்டுகிற வண்டியாக இருந்தால் எண் சட்டென்று இறங்கும். கீழே இறங்கி நின்றால் சூடான இரும்பு வாசனை வரும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு ‘என்னமோ கோளாறு’ என்று பயந்து சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். அப்போது கரி பாதி எரிந்து நிற்கும், தெளித்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து இஞ்சின் ஆயிலில் கலந்திருக்கும். ஒன்றிரண்டு முறை நடந்தால் பரவாயில்லை. வாராவாரம் நடந்தால் ஆயில் நீர்த்துப் போகும்.

ஆகவே வீட்டு வாசலுக்கு வந்த பிறகு அறிகுறி தெரிந்தால் வண்டியைத் திருப்பி இன்னொரு பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். வீட்டில் திட்டுவார்கள், அதைச் சமாளித்துக்கொள்ளலாம்.

5. மஞ்சள் விளக்கு எரிந்தால் செய்ய வேண்டியது

முதலில் டீசல் முள்ளைப் பாருங்கள். ரிசர்வில் இருந்தால் பல வண்டிகளில் கம்ப்யூட்டர் ரீஜென்னைத் தொடங்கவே தொடங்காது. கால் டாங்குக்கு மேல் இருக்கட்டும். இஞ்சின் விளக்கு சேர்ந்து எரிகிறதா என்றும் பாருங்கள், அது எரிந்தால் நேரே 8ஆம் பகுதிக்குப் போங்கள், ஏனென்றால் அந்த நிலையில் ஓட்டிப் பயனில்லை.

மஞ்சள் விளக்கு மட்டும்தான் என்றால் கேடிசி நகர் பக்கம் போய் நான்கு வழிச் சாலையில் ஏறுங்கள். தெற்கே நாங்குநேரி வரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர், வடக்கே கயத்தாறும் கிட்டத்தட்ட அதே தூரம். இரண்டில் எதுவும் போதும். வேகத்தைவிட ஆர்பிஎம் முக்கியம். மணிக்கு 60லிருந்து 80க்குள் போங்கள், ஒரு கியர் குறைத்து ஆர்பிஎம்மை 2000க்கும் 2500க்கும் நடுவில் வையுங்கள், ஆக்சிலேட்டரை ஒரே சீராக மிதியுங்கள். டாப் கியரில் 1400இல் உருட்டிக்கொண்டு போனால் மைலேஜ் நன்றாக இருக்கும், பெட்டிதான் சூடேறாது. பெரும்பாலும் போகும்போதே விளக்கு அணைந்துவிடும், அணைந்ததும் உடனே நிறுத்தாமல் இன்னும் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள்.

டோலில் வரிசை நின்றாலும் இஞ்சினை அணைக்காதீர்கள். அம்பை, பாபநாசம் சாலையை இதற்கு நான் சொல்ல மாட்டேன். அழகான சாலைதான், ஆனால் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி என்று வரிசையாக ஊர்கள், வேகத்தடைகள், குறுக்கே வருகிற மாடுகள், பத்து நிமிடம் ஒரே சீராக ஓட்ட முடியாது.

இரண்டு முறை இப்படி ஓட்டியும் விளக்கு போகவில்லை என்றால் மூன்றாவது முறை முயலாதீர்கள். கரி அளவுக்கு மீறிச் சேர்ந்த பிறகு ஒரேயடியாகப் பற்றி, அந்த நேரம் பார்த்து நீங்கள் நிறுத்தி ஐடிலில் விட்டால், சூட்டை அடித்துச் செல்லப் போதிய காற்றோட்டம் இல்லாமல் உள்ளே 1000 டிகிரியைத் தாண்டிவிடும். பீங்கானில் விரிசல் விழும், சில சமயம் உருகியும் போகும். சிவப்பு விளக்கு வரும் வரை தள்ளிப்போடுகிறவர்களுக்கு நடப்பது இதுதான்.

6. எங்கே நிறுத்தக் கூடாது

அறுவடை நேரத்தில் நம் பக்கம் ரோட்டிலேயே நெல்லையும் உளுந்தையும் காயப் போட்டிருப்பார்கள், ஓரத்தில் வைக்கோல் குவிந்து கிடக்கும். ரீஜென் நடந்துகொண்டிருக்கும்போதோ முடிந்த கையோடோ வைக்கோல் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். பெட்டியின் வெளித்தகடும் புகைக்குழாயும் காய்ந்த வைக்கோலைப் பற்றவைக்கிற அளவு சூடாக இருக்கும். அடியில் சுற்றிக்கொண்ட வைக்கோலை அவ்வப்போது குனிந்து பார்த்து இழுத்துப் போடுங்கள். திசையன்விளை, உவரிப் பக்கம் தேரிக்காட்டில் பனையோலைச் சருகு கிடக்கிற இடங்களிலும் இதே எச்சரிக்கை. ஓடி வந்த சூட்டோடு வாட்டர் சர்வீஸில் விட்டு அடியில் தண்ணீர் அடிக்கச் சொல்வதும் வேண்டாம், சூடான பீங்கானுக்கும் சென்சாருக்கும் அது நல்லதல்ல.

7. ஆயில், டீசல்

விறகடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கரி எரிந்து போகும், சாம்பல் எரியாது, அள்ளித்தான் கொட்ட வேண்டும். டிபிஎஃப்பிலும் அப்படித்தான். இஞ்சின் ஆயிலில் உள்ள கால்சியம், துத்தநாகம், மெக்னீசியம் எல்லாம் எரிந்து சாம்பலாகி உள்ளே தங்கும், எத்தனை ரீஜென் நடந்தாலும் போகாது. ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் டிஓசியின் பிளாட்டினத்தையும் கெடுக்கும். அதனால் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். காருக்கு ஏசிஇஏ சி2 அல்லது சி3 என்று இருக்கும், அவற்றில் சல்பேட்டட் சாம்பல் 0.8 சதவீதத்துக்கு மேல் இருக்காது. பெரிய வண்டிகளுக்கு ஏபிஐ சிகே4. உங்கள் வண்டிக் கையேட்டில் எது போட்டிருக்கிறதோ அதுவே கடைசி வார்த்தை. ‘எல்லாம் ஒரே ஆயில்தான் அண்ணாச்சி, இது அம்பது ரூபா கம்மி’ என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள்.

வாரம் ஒரு முறை காலையில் இஞ்சின் ஆறியிருக்கும்போது ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். குறைகிறதா என்று பார்த்துப் பழகியவர்கள் நாம், இந்த வண்டிகளில் கூடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் டீசல் கலந்திருக்கிறது என்று அர்த்தம், விரலில் தொட்டு முகர்ந்தாலே டீசல் வாடை தெரியும். கிலோமீட்டர் கணக்கு முடியக் காத்திருக்காமல் உடனே ஆயில் மாற்றுங்கள்.

டீசலைக் கூட்டம் உள்ள பங்கில் போடுங்கள். கேனில் விற்கிற மலிவு டீசல், மண்ணெண்ணெய்க் கலப்பு எல்லாம் கந்தகத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். டாங்கில் ஊற்றுகிற டிபிஎஃப் கிளீனர் பாட்டில்களைப் பற்றிக் கேட்பீர்கள். சிலவற்றில் சீரியம் அல்லது இரும்புச் சேர்மம் உண்டு, எரியும் வெப்பநிலையை ஓரளவு இறக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதை ஊற்றிவிட்டு மறுபடியும் டவுனுக்குள்ளேயே சுற்றினால் எந்தப் பயனும் இல்லை, அந்த உலோகமும் கடைசியில் சாம்பலாக உள்ளேதான் தங்கும்.

8. ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன்

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிப்பதற்கென்று உள்ள ஓபிடி போர்ட்டில் செருகுகிற ஒரு சின்ன புளூடூத் ஸ்கேனர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், போனில் செயலி போட்டால் கோளாறு எண்கள் வரும். பி2463 என்று வந்தால் கரி அதிகம். பி242எஃப் வந்தால் சாம்பல் நிறைந்துவிட்டது, ஓட்டி எரிக்க முடியாது. பி2002 என்றால் பெட்டி பிடிக்க வேண்டிய அளவுக்குப் பிடிக்கவில்லை, உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். பி2452 முதல் பி2455 வரை எது வந்தாலும் அழுத்த சென்சாரைப் பற்றிய புகார்.

இந்தக் கடைசி வகைதான் ஆட்களை அதிகம் ஏமாற்றுவது. பெட்டிக்குள் எவ்வளவு கரி இருக்கிறது என்று கம்ப்யூட்டர் திறந்தா பார்க்கிறது? முன்னால் ஒரு அழுத்தம், பின்னால் ஒரு அழுத்தம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஊகிக்கிறது. அதற்காக டிபிஎஃப்பிலிருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் கிளம்பி, ரப்பராக மாறி, தீப்பெட்டி அளவு சென்சாரில் போய்ச் சேரும். இஞ்சின் சூட்டிலும் நம் ஊர் வெயிலிலும் அந்த ரப்பர் பொருக்குத் தட்டி, குழாயில் மாட்டியிருக்கிற முனையில்தான் முதலில் வெடிக்கும். கையால் மடக்கிப் பார்த்தால் பொடிப்பொடியாகக் கோடு தெரியும், சுற்றிலும் கறுப்புக் கரி ஊதியிருக்கும். அந்த ஒரு ரப்பர் துண்டுக்காகப் பெட்டியையே மாற்றச் சொன்ன கதை நம் பக்கத்தில் ஏகப்பட்டது உண்டு.

சோதிப்பது சுலபம். இஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரில் டிபிஎஃப் அழுத்த வித்தியாசத்தைப் பாருங்கள், பூஜ்யம் காட்ட வேண்டும். அப்போதே ஏதாவது எண் காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. பிறகு ஸ்டார்ட் செய்து ஐடிலில் பாருங்கள், சில மில்லிபார்தான் இருக்க வேண்டும். ஆர்பிஎம் ஏற ஏற எண்ணும் ஏறி, இறங்கினால் கூடவே இறங்க வேண்டும். இஞ்சின் உறுமியும் எண் அசையாமல் நின்றால் குழாய் விட்டுப்போயிருக்கிறது அல்லது அடைத்திருக்கிறது. ஐடிலிலேயே பெரிய எண் காட்டினால்தான் பெட்டி நிஜமாக அடைத்திருக்கிறது.

நிஜமாகவே அடைத்திருந்தாலும், ஏன் அடைத்தது என்று கேட்காமல் பெட்டியைத் தொட விடாதீர்கள். டர்போவிலிருந்து வருகிற காற்றுக்குழாயில் விரிசல் இருந்தால் காற்றுப் போதாமல் கரி கூடும். இன்ஜெக்டர் ஒழுகினால் கூடும். புகையில் ஒரு பகுதியை இஞ்சினுக்கே திருப்பி அனுப்புகிற இஜிஆர் வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டால் கூடும். ஏர் ஃபில்டரில் தாழையூத்துப் பக்கத்துக் கல்குவாரித் தூசி அப்பியிருந்தால் கூடும். புகை சூட்டைப் பார்க்கிற சென்சார் செத்துப்போயிருந்தால் ரீஜென் தொடங்கவே தொடங்காது. இவற்றைச் சரிசெய்யாமல் சுத்தம் செய்த பெட்டியோ புதுப் பெட்டியோ எதை மாட்டினாலும் சீக்கிரமே அதே விளக்கு வரும்.

காரணத்தைச் சரிசெய்த பிறகு, கரி மட்டும் என்றால் வண்டியை நிறுத்தி வைத்தே ஸ்கேனர் மூலம் ரீஜென் செய்யச் சொல்லலாம், திறந்தவெளியில் செய்யட்டும். சாம்பல் என்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். சூளையில் வைத்துச் சுட்டு, எதிர்ப்பக்கமிருந்து காற்றும் தண்ணீரும் செலுத்திச் சுத்தம் செய்கிற இயந்திரங்கள் இருக்கின்றன, அப்படிச் செய்கிற இடத்தில் கொடுங்கள். வாட்டர் சர்வீஸ் பம்பை நேராகப் பீங்கானில் பிடிப்பது, ஆசிட் ஊற்றி ஊற வைப்பது இரண்டுக்கும் சம்மதிக்காதீர்கள். சாம்பலோடு சேர்ந்து விலை உயர்ந்த பிளாட்டினப் பூச்சும் சாக்கடைக்குப் போய்விடும். பார்க்கச் சுத்தமாக இருக்கும், முன்பு எரிந்த சூட்டில் எரியாது.

9. ‘கழத்திப் போட்டுருவோம் அண்ணாச்சி’

எந்த ஒர்க்‌ஷாப்பிலும் யாராவது ஒருவர் இதைச் சொல்வார். உள்ளே உள்ள பீங்கானை இடித்து எடுத்துவிட்டு வெறும் தகரத்தை வெல்டிங் செய்து மாட்டி, கம்ப்யூட்டரில் மேப் என்கிற நிரலையும் மாற்றிவிடுவார்கள். ‘வண்டி பறக்கும் பாருங்க’ என்பார். அடைத்த பெட்டியோடு ஒப்பிட்டால் பறக்கத்தான் செய்யும், சுத்தமான பெட்டியோடும் கிட்டத்தட்ட அப்படியே ஓடும் என்பதைச் சொல்ல மாட்டார்.

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இப்படி மாற்றுவது குற்றம். வாரண்டி போய்விடும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்பார். சட்டத்தை விடுங்கள், பள்ளிக்கூட வாசலில் ஐடிலில் நிற்கும்போது அந்தப் புகைக்குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் மூக்கு அதற்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும்.

10. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு

பிஎஸ்3, பிஎஸ்4 வண்டியில் வெளியிலிருந்து ஒரு வினையூக்கி வாங்கி மாட்டலாமா என்று கேட்கிறார்கள். டிஓசி மாட்டினால் துகளின் எடையில் 20 முதல் 40 சதவீதம் வரை குறையலாம், அதுவும் பெரும்பாலும் எண்ணெய்ப் பசைதான், கறுப்புப் புகை அப்படியேதான் இருக்கும். டிபிஎஃப் மாட்டினால் ரீஜென்னை நடத்த அந்த வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தெரியாது, அடைத்துக்கொள்ளும். அந்தக் காசில் இன்ஜெக்டரைச் சோதித்து, ஏர் ஃபில்டர் மாற்றி, பழைய பம்பு வண்டியாக இருந்தால் டைமிங் பார்த்து, ஓவர்லோடு ஏற்றாமல் ஓட்டினால் கண்ணுக்குத் தெரிகிற அளவு புகை குறையும்.

11. செகண்ட் ஹேண்ட் பிஎஸ்6 டீசல் வாங்கும்போது

ஒரு வெள்ளைத் துணியைக் கையில் கொண்டுபோங்கள். இஞ்சின் ஆறியிருக்கும்போது புகைக்குழாய்க்குள் விரலோடு துணியை விட்டு ஒரு சுற்றுத் துடைத்து எடுங்கள். டிபிஎஃப் ஒழுங்காக இருக்கிற வண்டியில் துணியில் லேசான சாம்பல் நிறத் தூசியோ துருவோ வரும், அவ்வளவுதான். மை தடவினது மாதிரி கறுப்பாக வந்தால் பெட்டியில் விரிசல் விட்டிருக்கிறது, இல்லை உள்ளே பெட்டியே இல்லை. அடியில் குனிந்து டிபிஎஃப் தகட்டில் புது வெல்டிங் கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்கேனரை மாட்டி, கடைசி ரீஜென்னுக்குப் பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று அந்த வண்டி காட்டுமானால் அதையும், சாம்பல் அளவு காட்டுமானால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் சாம்பல் பூஜ்யம் என்று காட்டினால் பெட்டி மாற்றியிருக்க வேண்டும், அதற்கு பில் கேளுங்கள். பில் இல்லை என்றால் புதுப் பெட்டியின் விலை என்ன என்று சர்வீஸ் சென்டரில் விசாரித்துவிட்டு, அந்தத் தொகையைக் குறைத்துப் பேரம் பேசுங்கள்.